அந்தாளை என்ன செஞ்சாங்க?

அன்புள்ள ஐயா,

சிறுவர்களுக்காக நீங்கள் எழுதிய லண்டன் பெருந்தீ கட்டுரையைத் தரம் 7 வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பேக்கரிக்காரரின் போறணை அடுப்பிலிருந்து தீ பிடித்தது என்ற இடம் வந்ததும் ஒரு பையன் எழும்பி, "அந்தாளை என்ன செஞ்சாங்க டீச்சர்?" என்றான். கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. இன்னொன்று, கோபிக்க வேண்டாம். போன வருடம்தான் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு லயன், தொழிலாளர் வரிசை வீடு, எரிந்தது. நம் பிள்ளைகளுக்கு 350 வருடத்துக்கு முந்திய லண்டன் எதற்கு?

ஓர் ஆசிரியை, அட்டன்

அன்புள்ள டீச்சர்,

முதலில் பையனுக்கு. அந்தாளை ஒன்றும் செய்யவில்லை. 1666 செப்டம்பர் 2, ஞாயிறு அதிகாலையில் புடிங் லேன் என்ற ஒடுங்கிய தெருவில், தாமஸ் ஃபாரினரின் பேக்கரியில் தீ தொடங்கியது. கடற்படைக்கு பிஸ்கட் சுட்டுக் கொடுத்தவர் அவர். போறணையை அணைத்துவிட்டுத்தான் படுத்தேன் என்று சாதித்தார். மேல்மாடி ஜன்னல் வழியாகக் குடும்பத்தோடு பக்கத்து வீட்டுக்குத் தப்பிவிட்டார். ஏறப் பயந்து நின்ற வேலைக்காரப் பெண் செத்துப்போனாள்.

தூக்கில் போட்டது வேறொருவரை. ராபர்ட் ஹூபேர் என்ற பிரெஞ்சு கடிகாரத் தொழிலாளி, தானே கொளுத்தியதாக ஒப்புக்கொண்டார். சொன்ன கதை ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஆனாலும் குற்றப்பத்திரத்தில் ஃபாரினர் குடும்பத்தாரும் கையெழுத்துப் போட, அக்டோபரில் தூக்கிலிட்டார்கள். தீ தொடங்கி இரண்டு நாள் கழித்துத்தான் அவர் லண்டனுக்கே வந்து சேர்ந்தார் என்பது பிறகு தெரியவந்தது. பிள்ளைகளுக்கு இது வேண்டாம் என்று நான்தான் விட்டுவிட்டேன். அது தவறு. உங்கள் பையன் சரியாக அந்த ஓட்டையில் விரலை வைத்திருக்கிறான்.

லண்டன் எதற்கு என்ற கேள்விக்கும் இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. லயன் எரிந்தால் நாம் முதலில் கேட்பது என்ன? யார் வீட்டு அடுப்பு, யார் வீட்டு வயர். ஓர் அடுப்பு ஒரு வீட்டைத்தான் எரிக்க முடியும். 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் நாலு நாளில் எரிக்க அது போதாது. காய்ந்த கோடை, கிழக்கிலிருந்து பலத்த காற்று, மரவீடுகள். மேல்மாடிகள் தெருப் பக்கம் நீண்டு எதிர்வீட்டை முட்டுகிற மாதிரி நிற்கும். ஆற்றங்கரைக் கிடங்குகளில் எண்ணெய், கொழுப்பு, தார். நாங்கள் இருந்த லயனில் காம்பராக்களுக்கு, அதாவது வீடுகளுக்கு, நடுவே உள்ள சுவர் கூரை வரை போகாது. மூன்றாம் காம்பராவில் கருவாடு சுட்டால் எட்டாம் காம்பராவில் சோறு இறங்கும். வாசம் போகிற வழியிலேயே தீயும் போகும். இதைக் கொழும்புப் பிள்ளைக்கு நான் படம் போட்டு விளக்க வேண்டும். உங்கள் வகுப்புக்கு வேண்டாம்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் லயனின் மேல்கோடி பற்றிக்கொண்டது. தண்ணீர்ப் பீலியிலிருந்து வாளி வரிசை போட்டும் அடங்கவில்லை. நடுவிலிருக்கிற இரண்டு காம்பராவின் தகரத்தைக் கழற்றிக் கூரைமரத்தை இழுத்துப் போடலாம் என்றார் அப்பா. ஆறாம் காம்பரா மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. எரியாத வீட்டை எதற்கு உடைக்கிறீர்கள் என்று கத்தினார். சண்டை முடிவதற்குள் ஆறாவதும் போய்விட்டது, ஏழாவதும் போய்விட்டது. எட்டாவதில்தான் நிறுத்தினார்கள்.

லண்டன் மேயர் பிளட்வர்த்தும் அப்படித்தான் தயங்கினார். வீடுகளை இடித்து வெளி உண்டாக்குவதுதான் அன்றைக்கு இருந்த வழி. அதற்கென்றே நீண்ட கம்பில் கொக்கி வைத்திருந்தார்கள். ஆனால் இடித்த வீட்டுக்கு யார் காசு கொடுப்பது? ராஜாவின் கட்டளை வருவதற்குள் தீ முந்திக்கொண்டது. பிறகு வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். காற்றும் தணிந்தது. மேயரைக் கோழை என்று எழுதுவது சுலபம். நான் ஆறாம் காம்பரா மாமாவைப் பார்த்திருப்பதால் அப்படி எழுத வரவில்லை. அடுத்த வருடம் சட்டம் போட்டு, செங்கல்லிலோ கல்லிலோதான் கட்ட வேண்டும் என்றார்கள். தெருக்களையும் அகலமாக்கினார்கள்.

வகுப்பில் சிரிக்க ஒன்று. சாமுவேல் பீப்ஸ் என்ற கடற்படை அலுவலக அதிகாரி, குழி தோண்டித் தன் இத்தாலிய சீஸைப் புதைத்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எல்லாரும் சீஸைத்தான் சொல்வார்கள். சீஸுக்கு முன்னால், இன்னொரு குழியில் அலுவலகக் கடதாசிகளையும் போட்டார். எனக்கு அந்தக் கடதாசிதான் பிடித்தது. அன்றைக்கு எங்கள் அம்மா அரிசியையும் எடுக்கவில்லை, சேலையையும் எடுக்கவில்லை. தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினார். உள்ளே எங்கள் பிறப்புப் பத்திரங்கள். இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய பிறகு, கடதாசி இல்லாமல் அலைவது என்னவென்று தாத்தாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்.

கட்டுரையில் ஹூபேரைச் சேர்த்துவிட்டேன். அடுத்த முறை வாசிக்கும்போது, வீட்டிலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பதில்களை எனக்கும் அனுப்புங்கள், டீச்சர்.