கடல் தாண்டாத கழுகு

கேள்வி: போன கிழமை மூன்று நாளாக எங்கள் வளவுக்கு மேலே ஒரு கழுகு வட்டமிட்டது. வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு. அம்மம்மா படுக்கையில் இருக்கிறார். "பிணந்தின்னி சுத்துது, எனக்குத்தான்" என்று அழுகிறார். நீங்களோ போன இதழில் இந்தியாவில் கழுகுகளைக் காப்பாற்றுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். செத்ததைத் தின்னும் அருவருப்பான பறவைக்கு இவ்வளவு இடமா? வன்னியில் எழுத வேறு விடயமே இல்லையா?
ஒரு வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அது செம்பருந்து, நம் பேச்சில் பிராந்து. கும்பாபிஷேகத்தன்று அதே பறவை கலசத்துக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினால் "கருடன் வந்திட்டார்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோம், கைப்பேசியில் படமும் எடுப்போம். உங்கள் வளவுக்கு மேலே வந்தால் மட்டும் பிணந்தின்னி. எங்கே பறந்தால் மரியாதை என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாவம்.

உண்மையான பிணந்தின்னிக் கழுகு வன்னியில் இல்லை. இலங்கையிலேயே இல்லை. எப்போதோ வழிதவறி வந்ததைத் தவிர, இங்கே குடியிருந்து குஞ்சு பொரித்த கழுகு கிடையாது. பழந்தமிழில் அதன் பெயர் பாறு. தமிழ்நாட்டில் இப்போது மறுபடி பாறு கழுகு என்றே சொல்கிறார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் சுமார் 30 கிலோமீற்றர்தான். ஆனால் பாறு இறக்கை அடித்துத் தூரம் போகிற பறவை அல்ல. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில் ஏறி, இறக்கையை விரித்தபடி மிதந்து போகும். கடலுக்கு மேலே அந்தக் காற்று சரியாகக் கிளம்பாது, அதனால்தான் தாண்டத் தயங்குகிறது என்பது பறவை ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் காரணம். இராமாயணத்துக் கழுகு சம்பாதியை நினைத்துப் பாருங்கள். சிறகு கருகி அக்கரையில் கிடந்தபடியே இலங்கையில் சீதை இருப்பதைக் கண்டு சொன்னதோடு சரி, கடலைத் தாண்ட அனுமன்தான் வரவேண்டியிருந்தது. சம்பாதியின் தம்பி சடாயு சீதைக்காக இராவணனோடு மோதிச் செத்தவன். இந்த இரண்டு கழுகுகளும் பூசித்த இடம் என்றுதான் புள்ளிருக்குவேளூரை, அதாவது வைத்தீஸ்வரன் கோயிலை, சம்பந்தர் பாடினார். அந்தத் தேவாரத்தைக் கண்ணை மூடிப் பாடிவிட்டு வெளியே வந்து 'அருவருப்பான பறவை' என்கிறோம்.

உங்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. அரசியல்வாதிகளைப் 'பிணந்தின்னிக் கழுகுகள்' என்று இதே இதழின் தலையங்கத்தில் நானும் திட்டியிருக்கிறேன். இப்போது அதை எழுத மாட்டேன். கழுகு யாரையும் கொல்லாது, செத்த பிறகுதான் வரும். நான் திட்டிய ஆட்களுக்கு அந்த ஒழுக்கம் இருந்ததாக நினைவில்லை.

சரி, இந்தியக் கதைக்கு வருவோம். அதற்கு ஏன் இரண்டு பக்கம் கொடுத்தேன் என்றால், அந்தப் பறவையை யாரும் வெறுத்துக் கொல்லவில்லை. மாட்டின் மேலிருந்த அக்கறைதான் கொன்றது. மூட்டுவலிக்கு நாம் போடுகிறோமே டைக்ளோபெனாக், அதை 1990களில் மாட்டுக்கும் ஊசியாகப் போடத் தொடங்கினார்கள். மலிவு, வலியும் சட்டென்று குறையும். ஊசி போட்ட மாடு செத்தால் வெளியில் இழுத்துப் போடுவார்கள், கழுகு வந்து தின்னும். மாட்டுக்கு மருந்தானது கழுகின் சிறுநீரகத்தைச் சில நாளில் நிறுத்திவிடும். வயிற்றைத் திறந்து பார்த்தால் உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருக்கும். 2004இல் பாகிஸ்தானில் நடந்த ஆய்வில்தான் காரணம் வெளியே வந்தது. அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இந்த அழிவுக்குப் போதும் என்று கணக்கிட்டார்கள். வருடம் ஒரே ஒரு முட்டை இடும் பறவை, எப்படி ஈடுகட்டும்?

மிச்சக் கதை நாய்களுடையது. ஒரு கூட்டம் பாறு ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும் மாடு, பிறகு நாட்கணக்கில் கிடந்து நாறியது. நாய்கள் பெருகின, கூடவே விசர்நாய்க்கடியும். கழுகுகள் போனதால் 2000 முதல் 2005 வரை சுமார் 5 இலட்சம் பேர் கூடுதலாக இறந்திருப்பார்கள் என்று 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு மதிப்பிடுகிறது. அருவருப்பு என்று நீங்கள் சொன்னது அந்த வேலையைத்தான்.

மாட்டுக்கு டைக்ளோபெனாக் போடுவதை இந்தியா 2006இல் தடை செய்தது. பிறகு மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் குப்பியை 3 மில்லிலீற்றராகச் சுருக்க வேண்டியதாயிற்று. கழுகுக்குக் கெடுதல் செய்யாத மெலோக்சிகம் என்ற மருந்து இருக்கிறது, ஆனால் பழகிய ஊசியை யார் விடுவார்? நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பக்கம் இன்னொரு தொல்லை. மாட்டைப் புலி அடித்தால், மாட்டுக்காரர் கோபத்தில் மிச்சத்துக்கு விஷம் வைப்பார். புலிக்கு வைத்ததில் கழுகும் சாகும். பாறுகளைக் காக்கப் பாடுபடும் அருளகம் போன்ற அமைப்புகள் ஊர் ஊராகப் போய், மருந்துக்கடைக்காரரிடமும் மாட்டுக்காரரிடமும் உட்கார்ந்து பேசுவது இதற்காகத்தான்.

இப்போது சொல்லுங்கள், இது வன்னிக்குச் சம்பந்தமில்லாத விடயமா? 2018இல் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை ஆட்களைக் காயப்படுத்தியது உண்மை. அதை அடித்துக் கொன்று, பக்கத்தில் நின்று படம் எடுத்ததும் உண்மை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் மாடுகள் விறைத்து விழுந்தன. புதைத்தது போக மிச்சத்தை யார் தின்றது? பாறு இல்லாத ஊரில் அதன் வேலையைச் செய்வது நரி, காகம், உடும்பு போன்ற கபரக்கொய்யான், கட்டாக்காலி நாய். இவற்றில் எதையாவது நாம் மரியாதையாகப் பார்க்கிறோமா? பன்றிக்கு வைக்கும் விஷம் பன்றியோடு நின்றுவிடும் என்று நினைக்கிறோம். செத்த மாட்டைக் காட்டோரம் இழுத்துப் போட்டுவிட்டு, கடைசியாக அதற்கு என்ன ஊசி போட்டோம் என்று யாராவது யோசித்ததுண்டா? பட்டி வைத்திருப்பவர்கள் ஒரு கிடங்கு வெட்டிப் புதைத்தால் பாதிச் சோலி முடிந்தது. முதுகு நோகும், அவ்வளவுதான்.

அம்மம்மாவிடம் சொல்லுங்கள், அது அவரைத் தேடி வரவில்லை. மூன்று நாள் அதே வளவைச் சுற்றியது என்றால் அங்கே கோழி குஞ்சு பொரித்திருக்க வேண்டும். கடகத்தால் மூடி வையுங்கள்.