பதில்: இலைக் கணக்கு 40 மடங்காக் காட்டுது

வணக்கம் நண்பரே, நான் குன்னூர். கோத்தகிரியில 40 விவசாயி, மாசம் 600 பசுந்தேயிலைச் சீட்டு, ஆனா SQL குவெரி (டேட்டாபேஸ்கிட்ட தகவல் கேக்குற கட்டளை) ஓட்டினா 24,000 வரிசை வருதுன்னு எழுதியிருக்கீங்க. 40-ஐ 600-ஆல பெருக்கிப் பாருங்க, விஷயம் புரியும்.

ஃப்ரம்முக்குப் (FROM, எந்த டேபிள்ல இருந்துன்னு சொல்ற இடம்) பின்னாடி 'விவசாயி, வரவு'ன்னு ரெண்டு டேபிள் பேரையும் கமா போட்டு விட்டுட்டீங்க. எந்தச் சீட்டு யாரோடதுன்னு சொல்லவே இல்ல. அதனால ஒவ்வொருத்தர் பேர்லயும் 600 சீட்டும் ஒட்டிக்கிச்சு. இப்படி மாத்துங்க (கட்டளைச் சொல் எல்லாம் ஆங்கிலத்துல அடிக்கணும்; வி, வ ரெண்டும் டேபிள்களோட சுருக்கப் பேர்; ஜாயின் ரெண்டு டேபிளையும் சேர்க்கும், எதை வச்சுச் சேர்க்கணும்னு ஆன் சொல்லும்):

ஃப்ரம் விவசாயி வி ஜாயின் வரவு வ ஆன் வ.விவசாயி_எண் = வி.எண்

டிஸ்டிங்க்ட் (ஒரே மாதிரி வரிசைகள்ல ஒண்ணை மட்டும் காட்டுற சொல்) போட்டுச் சரிக்கட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. வேண்டவே வேண்டாம். ஒரே ஆள் ஒரே நாள்ல 32 கிலோ ரெண்டு தடவை போட்டிருந்தா ஒரு சீட்டு காணாமப் போயிடும்.

இன்னொண்ணு. ஜனவரி உறைபனியில இலையே போடாதவங்க பேரும் பட்டியல்ல வரணும்னா லெஃப்ட் ஜாயின் போடுங்க. மாச நிபந்தனையை மட்டும் வேர்ல (WHERE, வரிசைகளை வடிகட்டுற இடம்) வைக்காதீங்க, ஆன்லயே வைங்க. சீட்டு இல்லாதவங்களுக்குத் தேதி நல் (NULL, அதாவது காலி). வேர் அவங்களை வடிகட்டித் தள்ளிடும். நான் இதுல மாட்டி, அஞ்சு பேர் விட்டுப்போய், "எங்க பேர் எங்கடா"ன்னு காலையில ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாங்க.

ரெண்டு டேபிள்லயும் 'தேதி' இருக்குறதால வ.தேதின்னு முன்னொட்டோட எழுதுங்க. எந்த டேபிளோட தேதின்னு தெரியலன்னு உங்களுக்கு வந்த ரெண்டாவது எரர் அதனாலதான்.