ஜெல்லி பீன்ஸ் மிட்டாய் எப்படி வந்தது? அதில் மட்டும் இத்தனை சுவைகள் எப்படி? வீட்டில் செய்ய முடியுமா?

சுவைக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜெல்லி பீன்ஸ் என்பது உள்ளே மெத்தென்ற ஜெல்லி, மேலே சர்க்கரை ஓடு கொண்ட சின்ன மிட்டாய். சாதாரண ஜெல்லி பீன்ஸில் சுவையும் நிறமும் பெரும்பாலும் மேல் ஓட்டில்தான் இருக்கும். உள்ளே வெறும் இனிப்பு. உள்ளுக்கும் தனியாகச் சுவை சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் பட்டியல் நீண்டது. பட்டியல் நீளத் தொடங்கியது 1976-ல்.

அதற்கு முன்பு இது கடையில் எடை போட்டு விற்ற மலிவு மிட்டாய். உள்ளே இருக்கும் ஜெல்லி, துருக்கியின் ‘லோகும்’ (டர்கிஷ் டிலைட்) என்ற இனிப்பின் வழி வந்தது என்பார்கள்: ஸ்டார்ச்சும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டியது. ஓடு, 17ஆம் நூற்றாண்டு பிரான்சில் பாதாமுக்குச் சர்க்கரை பூசிய முறையிலிருந்து வந்ததாம். நம் சீரக மிட்டாயும் இதே குடும்பம்தான். ஆனால் சீரக மிட்டாயில் பாகு சூட்டில் காய்ந்து இறுகுகிறது. ஜெல்லி பீன்ஸுக்குச் சூடே காட்டுவதில்லை. ஈரப் பாகின் மேல் பொடிச் சர்க்கரை தூவி ஈரத்தை உறிஞ்ச வைக்கிறார்கள். ஓடு கடுக்கென்று உடையாமல் மெதுவாக விட்டுக்கொடுப்பது அதனால்தான்.

1861-ல் பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் ஷ்ராஃப்ட், அமெரிக்க உள்நாட்டுப் போரில் இருந்த வீரர்களுக்கு ஜெல்லி பீன்ஸ் அனுப்பச் சொன்னார் என்ற கதையை எல்லா இடத்திலும் பார்க்கலாம். அதை விளம்பரக் கதையாக எடுத்துக்கொள்வதே நல்லது. 1905-ல் சிகாகோ செய்தித்தாள் விளம்பரத்தில் ஒரு பவுண்டு 9 சென்ட். முட்டை வடிவம் என்பதால் 1930-களில் ஈஸ்டர் மிட்டாயாகவும் ஆகிவிட்டது.

1976-ல் லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த டேவிட் க்ளைன் என்பவர், ஹெர்மன் கோலிட்ஸ் என்ற மிட்டாய் நிறுவனத்தோடு சேர்ந்து ‘ஜெல்லி பெல்லி’ என்ற ஜெல்லி பீன்ஸைக் கொண்டுவந்தார். முதலில் எட்டே சுவைகள்: செர்ரி, எலுமிச்சை, டேஞ்சரின், பச்சை ஆப்பிள், திராட்சை, கிரீம் சோடா, ரூட் பீர் (ஓர் அமெரிக்கக் குளிர்பானம்), அதிமதுரம். பீன் சின்னது, விலை அதிகம், உள்ளேயும் சுவை. பைப் புகைப்பதை விடுவதற்காக ஜெல்லி பீன்ஸ் சாப்பிடத் தொடங்கிய ரொனால்ட் ரீகன் 1981-ல் அதிபரானபோது, பதவியேற்பு விழாவுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலத்தில் மூன்று டன்னுக்கு மேல் போனது. நீலத்துக்காகவே புளூபெர்ரி சுவையை உருவாக்கினார்கள்.

சுவை என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி மணம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு பீனை மென்று பாருங்கள்: இனிப்பும் கொஞ்சம் புளிப்பும்தான் தெரியும். கையை எடுத்ததும் செர்ரி வந்துவிடும். ஆகவே ஓட்டில் ஒரு மணம், உள்ளே ஒரு மணம் என்று வைத்தால் மெல்ல மெல்ல சுவை மாறும். வெண்ணெய் பாப்கார்ன், சீஸ்கேக் எல்லாம் இப்படி வந்தவைதான். பீட்சா சுவை செய்யப் போய் அது வாந்திச் சுவையாக முடிந்து, பிறகு நல்ல சுவையும் கெட்ட சுவையும் ஒரே நிறத்தில் கலந்து வரும் ‘பீன்பூசில்ட்’ என்ற விளையாட்டுப் பெட்டியில் இடம்பிடித்தது. இதில் ஆச்சரியமில்லை, பாலாடைக் கட்டியின் மணத்துக்கும் வாந்தி நாற்றத்துக்கும் பொதுவாக இருப்பது ப்யூட்டிரிக் அமிலம்.

வீட்டில் செய்யலாம், ஆனால் நான்கு நாள் ஆகும். கார்ன்ஃப்ளார் 45 கிராம், தண்ணீர் 350 மில்லி, சர்க்கரை 200 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 100 கிராம். மாவை முதலில் தண்ணீரில் மட்டும் கரைத்து, கஞ்சியாகக் கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சுங்கள். சர்க்கரையை முன்பே போட்டால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மாவு சரியாக வேகாது, ஜெல்லி மாவு வாடையோடு நிற்கும். பிறகு சர்க்கரையும் குளுக்கோஸும் போட்டுச் சிறு தீயில் கைவிடாமல் கிளறுங்கள். பதம் பார்க்கக் கண்ணை நம்ப வேண்டாம். வெறும் பாத்திரத்தின் எடையை முன்பே குறித்துக்கொண்டு, உள்ளே இருப்பது சுமார் 410 கிராம் ஆகும்போது இறக்குங்கள். எசென்ஸும் 2 கிராம் சிட்ரிக் அமிலமும் இறக்கிய பிறகுதான். கொதிக்கும்போது அமிலம் போட்டால் ஸ்டார்ச் உடைந்து ஜெல்லி இறுகவே இறுகாது. எசென்ஸ் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

அச்சுக்கு வேறு கார்ன்ஃப்ளார் வேண்டும். நன்றாக வெயிலில் காயவைத்து, தட்டில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, மொச்சைக் கொட்டையால் அழுத்திக் குழி போடுங்கள். மாவில் ஈரம் இருந்தால் குழி சரியும், பீனுக்கு வால் முளைக்கும். சூடாக ஊற்றி, மேலேயும் மாவு தூவி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் சலித்துத் துடைத்து, சில நொடி ஆவியில் காட்டி, சர்க்கரையில் புரட்டி இன்னொரு நாள் வையுங்கள்.

ஓடு போடுவதில்தான் பலரும் தோற்கிறார்கள். சர்க்கரையும் குளுக்கோஸும் சம எடையில் எடுத்து, கொஞ்சம் தண்ணீர், நிறம், எசென்ஸ் சேர்த்துப் பாகு காய்ச்சி ஆறவையுங்கள். 200 கிராம் பீனுக்கு ஒரு டீஸ்பூன் பாகுதான். அகலமான வாணலியில் எல்லாப் பீனும் பளபளக்கும்வரை சுழற்றி, மிக்ஸியில் அரைத்த சர்க்கரையைத் தூவி, மேற்பரப்பு உலர்ந்ததும் நிறுத்துங்கள். கால் மணி நேரம் விட்டு மறு சுற்று. நான்கு சுற்று போதும். பாகு கூடினால் இரண்டு இரண்டாக ஒட்டும். சர்க்கரை கூடினால் ஓடு பொடியாக உதிரும். கடைசியாக ஐசிங் சர்க்கரை போட்டு ஒரு இரவு காயவிடுங்கள். கடலோர ஊரில் மழைக்காலத்தில் இதைத் தொடாதீர்கள். ஓடு காயவே காயாது.

கடை மிட்டாயின் பளபளப்பு வீட்டில் வராது. அது மெழுகும் ஷெல்லாக்கும் பூசி வருவது. ஷெல்லாக் என்பது அரக்குப் பூச்சி சுரப்பது; ஜார்க்கண்ட் பக்கம் நிறையக் கிடைக்கிறது. ஜெல்லி பெல்லியின் சாதாரண பீனில் ஜெலட்டின் இல்லை என்றாலும், பூச்சியிலிருந்து வருவதையும் தவிர்ப்பவர்கள் உறையில் ஷெல்லாக், தேன்மெழுகு இரண்டையும் தேடிப் பாருங்கள். வாங்கியதையோ செய்ததையோ ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்: வெளியே எடுத்ததும் மேலே நீர் கோத்து ஓடு கரையும். காற்றுப் புகாத டப்பா போதும்.