பூட்டினால் படுத்துக்கொள்ளும் கன்று

கேள்வி: இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் காளை பூட்டவும் ஏர் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். அங்கே நன்றாகவே ஓட்டினேன். அந்த ஆசையில் ஒன்றரை வயதில் ஒரு ஜோடி காங்கேயம் கன்று வாங்கினேன். நுகத்தடி வைத்ததும் ஒன்று படுத்துவிடுகிறது, இன்னொன்று இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அடித்தால்தான் படியும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: அடிக்கவே வேண்டாம், வாலை முறுக்கவும் வேண்டாம். வகுப்பில் நீங்கள் ஓட்டியது பழகிய மாடு, உழவுச் சால் முடியும் இடத்தில் நீங்கள் வாய் திறப்பதற்குள் அதுவே திரும்பியிருக்கும், உண்மையில் அதுதான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. இப்போது கன்றுக்கும் தெரியாது, உங்களுக்கும் பாதிதான் தெரியும்.

ஒன்றரை வயது நுகத்தடிக்கு ரொம்பச் சின்ன வயசு. இரண்டு பல் போடட்டும், அதாவது முன்பக்கம் பால்பல் விழுந்து இரண்டு நிலைப்பல் முளைக்கட்டும், ஏறக்குறைய இரண்டரை வயது ஆகும். அதுவரை காலையிலும் சாயங்காலமும் கயிற்றைப் பிடித்துப் பக்கத்தில் நடத்துங்கள். நிற்க 'ஹோ' என்றால் எப்போதும் 'ஹோ'தான், வீட்டில் ஆளுக்கொரு சத்தம் கொடுத்தால் கன்று குழம்பிவிடும். எது வலத்து மாடு, எது இடத்து மாடு என்று இப்போதே முடிவு செய்து, நடத்தும்போதும் கட்டும்போதும் அந்தப் பக்கமே விடுங்கள்.

அப்புறம், பல் போட்டதும் இரண்டையும் சேர்த்துப் பூட்டாதீர்கள். ஊரில் வயதான உழவு மாடு வைத்திருப்பவரிடம் கேட்டு, அதனோடு ஒவ்வொன்றாகப் பூட்டி வெறும் நுகத்தோடு நடத்துங்கள், சில நாள் கழித்து ஒரு சின்ன மரக்கட்டையை இழுக்கவிடுங்கள், ஏரும் வண்டியும் அதற்குப் பிறகுதான். அப்போதும் படுத்தால் முதலில் கழுத்தை நுகத்தோடு சேர்த்துக் கட்டும் பூட்டாங்கயிற்றைத் தளர்த்துங்கள், கழுத்து இறுகிக் கிடக்கும். எழுப்பிப் பத்தடி நடத்திவிட்டு அவிழ்த்துவிடுங்கள். படுத்த இடத்திலேயே அவிழ்த்தால், படுத்தால் விடுதலை என்று அதற்குப் பழகிவிடும்.

நுகத்தை இறக்கியதும் தினமும் திமிலுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாகவோ வீங்கியோ இருந்தால் ஆறும்வரை பூட்டவே கூடாது, அந்த வலி தெரிந்த மாடு நுகத்தடியைக் கண்டாலே பின்வாங்கும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: மாட்டைக் குத்தி ஓட்டும் ஆணி வைத்த தார்க்குச்சியை, இழுவை மாடுகளை வதைப்பதைத் தடுக்க மத்திய அரசு கொண்டுவந்த 1965ஆம் ஆண்டு விதிகளே தடை செய்திருக்கின்றன. ஒரு நாளைக்கு மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்பதும் அதே விதிதான். உங்கள் கன்றுகளுக்கு இப்போதைக்கு அரைமணி நடை போதும்.