விட்பிக்கு ஒரு நாள் பயணம்: எந்தத் தேதியில் போவது?

கேள்வி: லீட்ஸில் இருக்கிறோம். ஜூலையில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். அவரையும் எட்டு வயது மகனையும் ஒரு நாள் யார்க்‌ஷையர் கடலோர ஊரான விட்பிக்கு அழைத்துப் போக நினைக்கிறோம். மகனுக்கு அம்மோனைட் (சுருள் ஓட்டுக் கடலுயிரியின் புதைபடிவம்) பொறுக்க வேண்டும், நண்டு பிடிக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, சைவம் வேறு. போய்வந்த நண்பர்கள், "காலையில் துறைமுகம் வெறும் சேறு, மாலையில் கடற்கரையில் மணலே இல்லை" என்கிறார்கள். எப்போது போவது?

பதில்: உங்கள் நண்பர்கள் போனது அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளாகத்தான் இருக்கும். எஸ்க் ஆறு வட கடலில் சேரும் இடம் விட்பி. அந்த நாட்களில் அங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே கடல் மட்டம் நாலரை மீட்டருக்கு மேல் மாறும். கோடையில் அன்று வற்றம் முற்பகல் 11, 12 மணி வாக்கில் வரும். ஏற்றம் மாலை 5, 6 வாக்கில். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது தலைகீழ்: நண்பகலை ஒட்டி ஏற்றம், ஆனால் மாற்றம் ஏறக்குறைய பாதிதான். எனவே முதல் கணக்குக்கு வீட்டு நாள்காட்டியே போதும். தேதி முடிவானதும் விட்பிக்கான ஏற்றவற்ற அட்டவணையைப் பாருங்கள். பல அட்டவணைகள் கிரீனிச் நேரத்தில் இருக்கும். கோடையில் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

நண்பர்களுக்குச் சலிப்புத் தந்த அதே நாள்தான் உங்களுக்குச் சரி. அவர்கள் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டார்கள்: காலையில் கடலோரம், மாலையில் துறைமுகம் என்று வையுங்கள்.

அம்மோனைட் கிடைப்பது கிழக்குக் குன்றின் அடியில், சால்ட்விக் விரிகுடா வரையிலான பாறைத் தளத்தில். ஆபத்தும் அங்கேதான். கடல் ஏறினால் தண்ணீர் குன்றின் அடியைத் தொடும். நடுவழியில் மேலே ஏற வழியில்லை. வற்ற நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, வற்றம் தொட்டதும் திரும்பிவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் வற்றட்டும்' என்று காத்திருந்து போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குன்று களிப்பாறை, அடிக்கடி சரியும். மழைக்கு மறுநாள் அதன் அடியில் நிற்கவே வேண்டாம். குன்றைத் தட்டிப் பெயர்க்கவும் வேண்டாம். கடல் கழுவிப் போட்ட கூழாங்கற்களுக்கிடையே, விளிம்பில் வரிவரியாகத் தெரியும் உருண்டைக் கற்களைத் தேடினால் போதும். அதிகம் கிடைப்பது டாக்டிலியோசெராஸ் என்ற அம்மோனைட் வகை. இன்னொரு வகையான ஹில்டோசெராஸ், 657-இல் இங்கே கிறிஸ்தவ மடம் நிறுவப்பட்டபோது தலைவியான ஹில்டாவின் பெயரைக் கொண்டது. அவர் பாம்புகளைக் கல்லாக்கினார் என்பது ஊர்க்கதை. அந்தக் காலத்து வியாபாரிகள் அம்மோனைட்டுக்குப் பாம்புத் தலை செதுக்கியே விற்றார்கள். பாசி படிந்த பாறை வழுக்கும், எனவே அம்மா இங்கே வரக் கூடாது. மேற்குக் குன்றின் அடியில் சாண்ட்செண்ட் பக்கமாக நீளும் மணல் அந்நேரம் அகலமாக இருக்கும். அவர் அங்கே உட்காரட்டும்.

மடத்தின் இடிபாட்டுக்கு 199 படிகள் ஏற வேண்டாம். குன்றின் மேலேயே கார் நிறுத்துமிடம் இருக்கிறது. நேராக அங்கே ஓட்டிப் போய்விடலாம்.

மதியம் 3 மணிக்கு மேல் துறைமுகத்தில் தண்ணீர் நிரம்பத் தொடங்கும். நண்டுக்கு அதுவே நேரம். தூண்டில் முள் தேவையில்லை. சிறு வலைப்பையில் மீன் தலையும் ஒரு கல்லும் போட்டு நூலில் கட்டித் தரை தொடும்வரை இறக்குங்கள். இழுப்புத் தெரிந்ததும் மெதுவாக, நிறுத்தாமல் ஏற்றுங்கள். வெடுக்கென்று இழுத்தால் நண்டு பிடியை விட்டுவிடும். வாளியில் கடல்நீர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது. நாலைந்துக்கு மேல் அடைத்தால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். வாளியை நிழலில் வைத்து, மணிக்கொருமுறை தண்ணீரை மாற்றி, கிளம்பும்போது எல்லாவற்றையும் நீரோரமாக விட்டுவிடுங்கள். மதில் விளிம்பில் பையனுக்கு மிதவைச் சட்டை போட்டுவிடுங்கள். ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு, படகு வந்தால் 1908-இல் கட்டிய சுழல்பாலம் ஒவ்வொரு முழு மணிக்கும் அரைமணிக்கும் திறக்கும். அப்போது மறுகரைக்குப் போக முடியாது. பார்ப்பதற்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ஜூலை என்று நம்பிக் கம்பளிச் சட்டையை வீட்டில் விட்டுவிடாதீர்கள். கிழக்குக் காற்று வீசும் நாளில் கடல்மூடுபனி கரையேறும். லீட்ஸ் வெயிலில் வேகும்போது விட்பி நடுங்கும்.

இனி, சைவம். யார்க்‌ஷையரில் மீனும் சிப்ஸும் பொரிப்பது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில். சிப்ஸ் உருளைக்கிழங்குதானே என்று வாங்கிவிட வேண்டாம். தாவர எண்ணெயா, தனி வாணலியா என்று இரண்டையும் கேளுங்கள். புளியோதரை கட்டிக்கொண்டு போனால் இந்த விசாரணையே வேண்டாம். எதைச் சாப்பிட்டாலும் சுவருக்கு முதுகு காட்டி உட்காருங்கள். இங்கே கடற்காகங்கள் பின்னாலிருந்து வந்துதான் கையிலிருப்பதைப் பறிக்கும்.