காகிதத்தில் எண்ணெய் ஊறுகிறது, பூ வாடுகிறது

கேள்வி: மரியான் நார்த்தின் செடி ஓவியங்களைப் பார்த்ததிலிருந்து நானும் தோட்டத்திலேயே உட்கார்ந்து ஆயில் பெயின்ட்டில் வரைகிறேன். காகிதத்தில் எண்ணெய் ஊறிப் பின்பக்கம் மஞ்சள் வட்டமாகத் தெரிகிறது. முடிப்பதற்குள் பூவும் வாடிவிடுகிறது. "செடி ஓவியம் என்றால் வெள்ளைத் தாளில் வாட்டர்கலர்தான்" என்கிறார் என் ஆசிரியர். சரிதானா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: தாவரவியல் நூலுக்கான படம் என்றால் உங்கள் ஆசிரியர் சொல்வது சரி. பூவின் வெட்டுத்தோற்றம், கனி, விதை எல்லாம் தனித்தனியே, அளவு பிசகாமல் வேண்டும். அதற்கு வாட்டர்கலர்தான் தோது. ஆங்கிலேய ஓவியரான நார்த் (1830–1890) எடுத்துக்கொண்ட வேலை வேறு. செடி எந்த மலைச்சரிவில், எதன் பக்கத்தில் நிற்கிறதோ அந்த இடத்தோடு சேர்த்தே ஆயிலில் வரைந்தார். 1871 முதல் 1885 வரை ஜமைக்கா, பிரேசில், போர்னியோ, இலங்கை, சிலி என்று சுற்றினார். 1877 கடைசியில் தூத்துக்குடியில் இறங்கி மதுரை, தஞ்சாவூர் வழியாகவும் போயிருக்கிறார். அவர் படங்களை அழகுக்காக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். போர்னியோவின் சரவாக்கில் அவர் வரைந்த, பூச்சியைப் பிடிக்கும் ஒரு பெரிய குடுவைச் செடியைப் படத்தில் பார்த்துவிட்டுத்தான் வீட்ச் நாற்றுப்பண்ணையார் அதைத் தேட ஆள் அனுப்பினார்கள். 1881-இல் லண்டன் க்யூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் ஹூக்கர் அதற்கு நெப்பந்தஸ் நார்த்தியானா என்று பெயர் வைத்தார். ஆகவே ஆயிலை விடவேண்டாம்.

இனி மஞ்சள் வட்டம். வெறும் காகிதம் பெயின்ட்டிலுள்ள ஆளிவிதை எண்ணெயை உறிஞ்சிவிடும். மேலே நிறம் பிடிப்பில்லாமல் பொடிபோல நிற்கும். எண்ணெய் காயக் காய அமிலம் உண்டாகிக் காகிதமும் நொறுங்கும். 300 ஜிஎஸ்எம் தடிமனான பருத்திக் காகிதம் வாங்கி, அக்ரிலிக் ஜெஸ்ஸோவை (எண்ணெய் ஊறாமல் தடுக்கும் வெள்ளை அடிப்பூச்சு) மெல்லிசாக இரண்டு கோட் பூசுங்கள். முதல் கோட் நெடுக்காக, இரண்டாவது குறுக்காக. பின்பக்கமும் ஒரு கோட் வேண்டும், இல்லாவிட்டால் தாள் சுருளும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஏற்கெனவே ஊறிய படங்களைக் காப்பாற்ற வழியில்லை.

பூவைப் பொறுத்தவரை, வரிசையை மாற்றினாலே பாதி சிக்கல் தீரும். பெரும்பாலோர் பின்னணியில் தொடங்குகிறார்கள், அதுதான் தப்பு. டர்பன்டைனில் கரைத்த அம்பர் என்ற மண்பழுப்பு நிறத்தால் முதல் பத்து நிமிடத்தில் உருவத்தையும் நிழல் விழும் பக்கத்தையும் குறித்துவிடுங்கள். அடுத்து பூ, அதிலும் முழுக்க விரிந்தது முதலில், மொட்டு காத்திருக்கும். இலை நாளைக்கும் இருக்கும், ஆகவே பிறகு. வானமும் மண்ணும் கடைசி. இரண்டு மணி நேரத்தில் வெயில் திரும்பிவிடும், அதற்குமேல் இழுக்காதீர்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் போங்கள். செம்பருத்தி மாதிரி ஒரு நாள் பூ என்றால் பக்கத்துப் பூவைப் பார்த்து முடிக்கலாம், காம்பின் சாய்வு மட்டும் முதல் பூவுடையதாகவே இருக்கட்டும்.

ட்யூப் பச்சையை அப்படியே இலைக்கு வைத்தால் பிளாஸ்டிக் செடிதான் வரும். விரிடியனில் (நீலம் கலந்த பச்சை) மஞ்சள் ஆக்கர் (மண்மஞ்சள்), துளி பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலந்து பாருங்கள்.

முதல் பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப் போக எண்ணெய் அதிகம். தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து, அடிப்பூச்சு பிறகு காயும்போது அசைய, வெடிப்பு விடும். அம்பர் சீக்கிரம் காயும். அலிசரின் சிவப்பும் ஐவரி கறுப்பும் நாள்கணக்கில் இழுக்கும். அவசரமென்றால் ஆல்கைட் மீடியம் கொஞ்சம் சேருங்கள், பெரும்பாலும் மறுநாளே தொட்டுப் பார்க்கலாம்.

ஈரப்படத்தைக் கொண்டுபோக, நாலு ஓரத்திலும் 2 செ.மீ. வரையாமல் விடுங்கள். இரண்டு படங்களை அட்டையோடு எதிரெதிரே வைத்து, மூலைகளில் கார்க் துண்டு கொடுத்து பைண்டர் கிளிப் மாட்டினால் போதும். காய்ந்தபிறகு பீரோவில் பூட்டாதீர்கள். இருட்டில் ஆளிவிதை எண்ணெய் மஞ்சளாகும். பிளாஸ்டிக் உறையும் ஆகாது, பூஞ்சை பிடிக்கும்.

லண்டன் போனால் க்யூ தோட்டத்தில் 1882-இல் நார்த் தன் செலவிலேயே திறந்த கூடத்தைப் பாருங்கள். 800-க்கும் மேற்பட்ட படங்கள், சட்டத்தோடு சட்டம் இடிக்க, நாடு வாரியாக அவரே அடுக்கியது. சுவரின் கீழ்ப்பகுதியில் 246 வகை மரப்பலகைகள். ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்னணியை எவ்வளவு குறைந்த தூரிகை வீச்சில் முடித்திருக்கிறார் என்று கவனியுங்கள்.