ஆன்டிபாடியின் மேல் பழி போடாதீர்கள்

வணக்கம் ஐயா,

உயிர்த்தொழில்நுட்பம் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். மூளையின் கிளியோபிளாஸ்டோமா கட்டியில் மிர்-21 என்ற குட்டி ஆர்.என்.ஏ (மைக்ரோ ஆர்.என்.ஏ) பெருகி, கட்டியைத் தடுக்கும் பி-டென் புரதத்தை அடக்கி, செல்லை வளரத் தூண்டும் ஏ.கே.டி பாதையைக் கிளப்புகிறது. புரதம் தராத நீள் ஆர்.என்.ஏ ஒன்று அந்த மிர்-21ஐ ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சுகிறது என்று காட்ட முயல்கிறேன். யு87 என்ற கட்டிச் செல்வகையில், பிளாஸ்மிட் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் வட்ட டி.என்.ஏ) மூலம் அந்த நீள் ஆர்.என்.ஏவைக் கூட்டியதும் லூசிஃபரேஸ் ஒளி ஏறியது, அதாவது மிர்-21இன் அடக்குதல் தளர்ந்தது. ஆர்.என்.ஏவை அளக்கும் கியூபிசிஆரில் பி-டென் இரண்டு மடங்கானது. புரதத்தை ஆன்டிபாடியால் காட்டும் வெஸ்டர்ன் சோதனையில்தான் பட்டையே வரவில்லை. ஆன்டிபாடி சரியில்லையோ? இந்த ஆர்.என்.ஏக்கள் எப்போது மருந்தாகும்? ரத்தத்தில் மிர்-21 பார்த்து இந்தக் கட்டியைக் கண்டுபிடிக்கலாமா?

அன்புள்ள மாணவிக்கு,

பட்டை வரவில்லை என்பதை மறைக்காமல் எழுதினீர்கள். அதற்காகவே உங்களைப் பிடித்துப்போயிற்று. ஆனால் யு87இல் பி-டென் புரதமே கிடையாது! அதன் மரபணுவில், வெட்டி நீக்கப்பட வேண்டிய பகுதியான மூன்றாவது இன்ட்ரானின் தொடக்கத்தில் ஓர் எழுத்து மாறி, வெட்டி ஒட்டும் வேலை கெட்டுவிட்டது. அந்தக் கெட்ட ஆர்.என்.ஏவைத்தான் கியூபிசிஆர் எண்ணியிருக்கிறது. செல்லின் மரபணு நிலையைப் பார்க்காமல் எப்படி வேலையைத் தொடங்கினீர்கள்? உங்களை வழிநடத்துபவரும் கேட்கவில்லையா? எல்.என்229 என்ற செல்வகையில் பி-டென் நன்றாக இருக்கிறது. அதே ஜெல்லில் அதையும் ஓட்டுங்கள். 54 கிலோடால்டன் பக்கம் பட்டை வந்தால் ஆன்டிபாடி நல்லதுதான். யு251, ஏ172 பக்கம் போகாதீர்கள், அவற்றிலும் பி-டென் பழுது.

ரத்தப் பரிசோதனையை விடுங்கள். மிர்-21 பல புற்றுகளிலும் அழற்சியிலும் ஏறும். மருந்து விஷயத்தில், புற்றை அடக்கும் மிர்-34ஏயைக் கொழுப்புக் குமிழியில் அடைத்துக் கொடுத்த எம்.ஆர்.எக்ஸ்34 சோதனை 2016இல் நின்றது. நோயெதிர்ப்பு எதிர்வினையில் நான்கு பேர் இறந்தார்கள். மூளைக்கு என்றால் ரத்த-மூளைத் தடுப்பையும் தாண்டியாக வேண்டும்.

என் மனத்தில் கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டிருப்பது இந்த ஸ்பாஞ்ச்தான். கட்டுரைக்குக் கட்டுரை அதே படம்: ஒரு நீள் ஆர்.என்.ஏ, ஒரு மிர், ஒரு புரதம், நடுவில் அம்புக்குறிகள். எத்தனை மூலக்கூறு என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. புற்றுச் செல் ஒன்றில் மிர்-21 பல்லாயிரக்கணக்கில் இருக்கும். நீள் ஆர்.என்.ஏக்களில் பெரும்பாலானவை செல்லுக்குச் சில பிரதிகள்தான். ஒவ்வொன்றிலும் மிர் ஒட்டும் இடம் ஒன்றோ இரண்டோ. அதே மிர் ஒட்டக்கூடிய, புரதம் தரும் நூற்றுக்கணக்கான எம்.ஆர்.என்.ஏக்கள் வேறு போட்டிக்கு நிற்கின்றன. 2014இல் டென்ஸ்லரும் ஸ்டாஃபெலும் கல்லீரல் செல்லில் மிர்-122ஐ வைத்து எண்ணிப் பார்த்தார்கள். மற்ற இலக்குகள் விடுபடவே செல்லுக்கு ஒன்றரை லட்சம் இடங்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. உங்கள் ஆர்.என்.ஏ அதற்கு எங்கே போகும்? பிளாஸ்மிட் போட்டால் அது ஆயிரக்கணக்கில் கொட்டும், லூசிஃபரேஸ் ஏறத்தான் செய்யும். நோயாளியின் கட்டியில் அந்த அளவு இல்லையே!

சிடிஆர்1ஏஎஸ் என்ற வட்ட ஆர்.என்.ஏவை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். வளர்ச்சி ஏற்பியான ஈ.ஜி.எஃப்.ஆரை அடக்கும் மிர்-7க்கு அதில் எழுபதுக்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. அதை எலியிலிருந்து நீக்கியபோது மிர்-7 கூடவில்லை, குறைந்தது. பெர்லின் குழு 2017இல் காட்டியது. உறிஞ்சுவதைவிட அது மிர்-7ஐக் காப்பாற்றி வைத்திருந்தது போலிருக்கிறது.

ஆகவே முதலில் எண்ணுங்கள். ஒரு லட்சம் செல்லை எண்ணி எடுத்து ஆர்.என்.ஏவைப் பிரித்தெடுங்கள், இழப்பை அறிய ஸ்பைக்-இன் (அளவு தெரிந்த அந்நிய ஆர்.என்.ஏ) சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆர்.என்.ஏவை ஆர்.என்.ஏ செய்யும் டி7 நொதியால் தயாரித்து, பத்துப் பத்து மடங்காக நீர்க்கச்செய்து, ஒப்பிட்டு அளக்க ஸ்டாண்டர்ட் கர்வ் போட்டால் செல்லுக்கு எத்தனை என்று தெரியும். மிர்-21க்கும் இதேபோல், செயற்கை மிர் வாங்கி. அடுத்து கருவையும் அதற்கு வெளியே உள்ள சைட்டோபிளாசத்தையும் தனித்தனியே பிரித்தெடுங்கள், கருவுக்கு மாலட்1 ஆர்.என்.ஏ, வெளியே ஜிஏபிடிஎச் ஆர்.என்.ஏ அடையாளம். உங்கள் ஆர்.என்.ஏ கருவுக்குள்ளேயே கிடந்தால், பெரும்பாலும் வெளியே வேலை செய்யும் மிர்-21ஐ அது எப்படிப் பிடிக்கும்?

கடைசியாக, மிர் ஒட்டும் அந்த ஏழு எழுத்துகளை மட்டும், செல்லின் சொந்த மரபணுவிலேயே, கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் மாற்றுங்கள். பி-டென்னும் ஏ.கே.டியும் மாறினால் உங்கள் வாதம் நிற்கும். மாறாவிட்டால், உங்கள் ஆர்.என்.ஏவை ஒட்டியவற்றோடு இழுத்தெடுக்கும் புல்-டவுன் செய்து, அது எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று பாருங்கள்.